அட்டையில தொங்குறது தூக்குக் கயிறா?

அன்புள்ள அக்கா,
உங்கட புத்தகத்தை வெள்ளவத்தையில வாங்கி ஒரே இரவில வாசிச்சு முடிச்சிட்டன். அட்டைதான் குழப்பமா இருக்கு. நீதியைப் பற்றின நினைவுக்குறிப்பு, ஆனா தராசு இல்ல, கண் கட்டின தேவதை இல்ல, வெள்ளையில ஒரு கயிறு மட்டும் தொங்குது. அம்மா பாத்திட்டு தூக்குக் கயிறோ எண்டு கேட்டா. அப்பிடித்தானா?
தெகிவளையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,
அம்மாவிட்டச் சொல்லுங்கோ, அது மணிக் கயிறு. அனுராதபுரத்தை ஆண்ட தமிழ் ராசா எல்லாளன்ட மணி. இலங்கையின்ட பழைய பாளி வரலாற்று நூல் மகாவம்சத்திலயே இருக்கு, படுக்கைத் தலைமாட்டில மணியைக் கட்டி, நீதி கேட்டு வாறவை ஆரும் இழுக்கிறமாதிரி நீளமாக் கயிறு விட்டிருந்தானாம், கன்றைப் பறிகுடுத்த பசு வந்து இழுத்துதாம். திருவாரூர் மனுநீதிச் சோழனுக்கும் இதே கதைதான். அட்டை செய்தது ஒரு சிங்களத் தம்பி, நான் கதையைத் தொடங்கவே "எலார ரஜ" எண்டு மிச்சத்தை அவரே சொல்லி முடிச்சிட்டார், அண்டைக்கே முடிவாச்சு.

தேவதையும் தராசும் முதல் டிசைன்ல இருந்தது, நான்தான் வேண்டாமெண்டனான். அந்தக் கண்கட்டு வந்த கதை தெரியுமோ, 1494ல பாசல் நகரத்தில அச்சான ஒரு மரச்செதுக்குப் படத்தில ஒரு கோமாளி பின்னால நிண்டு அவவின்ட கண்ணைக் கட்டுறான், அது நக்கலுக்குப் போட்டது, பாரபட்சம் பாக்காத நீதி எண்ட நல்ல அர்த்தம் பிறகுதான் வந்தது. இந்திய உச்ச நீதிமன்றத்தில 2024ல வைச்ச புதுச் சிலைக்குக் கண்கட்டே இல்ல. கட்டினாலும் அவிழ்த்தாலும் அவ மேல நிக்கிறவ. அண்ணான்ட வழக்குக்காக 9 வருசம், வெள்ளவத்தையில பஸ் ஏறி புறக்கோட்டையில இறங்கி புதுக்கடை நீதிமன்றத்துக்கு நடந்து, ஒவ்வொரு தவணைக்கும் பைலை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு நான் நிண்டது மதில் ஓரத்தில, என்னோட நிண்டது கூடுதலா தாய்மார். கயிறுதான் எங்கட பக்கத்து நுனி. மணியை வேணுமெண்டுதான் காட்டேல்ல, கயிறு மேல் விளிம்பைத் தாண்டிப் போயிடும்.

வடிவாப் பாருங்கோ, நுனியில சுருக்கு இல்ல, ஆக்கள் இழுத்து இழுத்துப் பிரிஞ்சு நார்நாரா நிக்குது. ஆனாலும் அம்மா பாத்தது பிழையெண்டு சொல்லமாட்டன். 1976க்குப் பிறகு இங்க ஒருத்தரையும் தூக்கில போடேல்லத்தான், எண்டாலும் நீதி எண்ட சொல்லுக்குப் பக்கத்தில கயிறைக் கண்டா எங்கட சனத்துக்கு முதல்ல வாறது அந்தப் பயம்தான், நினைக்க நோகுது. ரெண்டாம் பதிப்புக்குக் கயிறை இன்னும் கீழ இறக்கச் சொல்லியிருக்கிறன், புத்தகத்தைக் கையில எடுத்தா பெருவிரல் அந்த நுனியில முட்டுற அளவுக்கு.

அன்புடன்,
அக்கா