கிரீமி சாசேஜ் பாஸ்தா வீட்டில் செய்தால் திரிந்து போகிறதே, எப்படித்தான் செய்வது?

நீங்கள் சொன்ன குறைகள் இரண்டு. சாஸ் திரிந்து தண்ணீர் தனியாக நிற்கிறது. திரியாமல் வந்த நாளிலும், தட்டில் போட்ட ஐந்தாவது நிமிடம் பாஸ்தா ஒரே கட்டியாகிவிடுகிறது. நான்கு தக்காளியை வதக்கி, மேலே பாலும் கிரீமும் ஊற்றி, தீயைக் கூட்டிக் கொதிக்கவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், பாலில் புளிப்பைச் சேர்த்துக் கொதிக்கவைத்தால் வருவது பன்னீர்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது, ஏனென்றால் இரண்டு வருடம் நானும் அந்தப் பன்னீரைத்தான் செய்துகொண்டிருந்தேன். வீடு பெரம்பூரில். இரண்டு பிள்ளைகள், மாமியார், ராத்திரி ஒன்பதரைக்கு மேல் வீடு திரும்பும் கணவர். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கினால் காசிமேடு, கறி வாங்கினால் தெருமுனை பாய் கடை, சாசேஜ் வாங்கினால் கோல்ட் ஸ்டோரேஜ். பாஸ்தா வீடியோக்களில் வெள்ளைக்காரர்கள் சொல்வதை அப்படியே செய்வேன். "சாசேஜைப் போடுங்கள், அதன் கொழுப்பு உருகி வரும், அதிலேயே வெங்காயத்தை வதக்குங்கள்" என்பார்கள். என் வாணலியில் கொழுப்பும் உருகாது, ஒன்றும் உருகாது. சாசேஜ் ஓரம் கருகி ரப்பர் துண்டு மாதிரி கிடக்கும்.

அவர்கள் போடுவது பச்சை இறைச்சி அடைத்த சாசேஜ். பெரும்பாலும் பன்றி இறைச்சி, கொழுப்பும் தாராளமாக இருக்கும். நம் கடைகளில் பாக்கெட்டில் கிடைக்கும் சிக்கன் சாசேஜ், கறியை விழுதாக அரைத்து உறையில் அடைத்து முன்பே வேகவைத்தது. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், சமைக்கும் விதம் வேறு.

என் பாஸ்தா உருப்பட்ட நாள் எனக்குத் தேதியோடு ஞாபகம் இருக்கிறது: 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை கொட்டிய திங்கட்கிழமை. காலையிலேயே கரண்ட் போய்விட்டது. தெருவில் முட்டியளவு தண்ணீர். மோட்டார் ஓடாததால் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை, இருபது லிட்டர் கேனில் கால்வாசிதான் மிச்சம். பால் கிடைக்கவில்லை. முந்தின நாள் வாங்கிய ஒரு பாக்கெட் சாசேஜ் ஃப்ரீசரில் இளக ஆரம்பித்திருந்தது, அன்றே சமைத்தாக வேண்டும். பிள்ளைகள் இருட்டில் "பசிக்குது" என்று ஒரே நச்சரிப்பு.

பாஸ்தாவைப் பெரிய குண்டானில் நிறையத் தண்ணீர் வைத்து வேகவிட்டு வடிக்க வேண்டும் என்பதுதான் முறை. நூறு கிராமுக்கு ஒரு லிட்டர் என்று கணக்குச் சொல்வார்கள். கால் கிலோ பாஸ்தாவுக்கு இரண்டரை லிட்டர் குடிதண்ணீரை அன்றைக்கு யார் வடித்துக் கொட்டுவது? சாசேஜ் வதங்கிய அதே வாணலியில் பாஸ்தாவைக் கொட்டி, அது மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கிளறிக்கொண்டே இருந்தேன். தண்ணீர் வற்ற வற்ற அது கஞ்சி மாதிரி வெள்ளையாகத் திரண்டு வந்தது. இருந்த இரண்டு சீஸ் கட்டிகளையும் கொஞ்சம் வெண்ணெயையும் போட்டேன். பால் ஒரு சொட்டு இல்லை, கிரீம் இல்லை. ஆனால் பெரியவன் சாப்பிட்டுவிட்டு, "அம்மா, இன்னைக்குத்தான்மா கடையில பண்ற மாதிரி இருக்கு" என்றான். வெளியே மழை, உள்ளே எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம் யோசித்தால் இது நமக்குப் புதிதே இல்லை. மோர்க்குழம்பு வைக்கும்போது ஊறவைத்த துவரம்பருப்பும் அரிசியும் அரைத்து ஊற்றுகிறோம், சில வீடுகளில் கடலை மாவு கரைத்து விடுவார்கள். எதற்கு? மோர் திரியாமல் இருக்கத்தான். பாலில் இருக்கும் கேசீன் என்ற புரதம், புளிப்பும் சூடும் சேரும்போது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். மாவுச்சத்து நடுவில் புகுந்து அவை ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும், வெண்ணெயும் எண்ணெயும் தனியே மிதக்கவும் விடாது. பாஸ்தா வெந்த தண்ணீரில் இருப்பது அந்த மாவுச்சத்துதான். நாம் அதைச் சிங்க்கில் வடித்துக் கொட்டிவிட்டு, பாக்கெட் கிரீமை நம்பி நிற்கிறோம். கிரீமிலும் ஒரு சங்கதி இருக்கிறது. அமெரிக்க ரெசிப்பிகளில் 'ஹெவி கிரீம்' என்றால் குறைந்தது 36 சதவீதம் கொழுப்பு. நம் கடைகளில் டெட்ரா பாக்கெட்டில் வரும் ஃப்ரெஷ் கிரீம் பெரும்பாலும் 25 சதவீதம்தான். கொழுப்பு குறையக் குறையச் சூட்டையும் புளிப்பையும் தாங்கும் சக்தியும் குறையும். அதைத் தக்காளியோடு கொதிக்கவிட்டால் திரியத்தான் செய்யும்.

இப்போது நான் செய்யும் முறை, நான்கு பேருக்கு. பென்னே அல்லது சுருள் பாஸ்தா 250 கிராம். பாக்கெட்டில் டியூரம் கோதுமை ரவை என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மைதா பாஸ்தா இந்த முறையில் குழைந்து களியாகிவிடும், நீளமான ஸ்பகெட்டியும் வாணலியில் அடங்காது. சாசேஜ் 250 கிராம், பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு எட்டுப் பல், சோம்பு ஒரு டீஸ்பூன், மிளகு, காய்ந்த மிளகாய் இரண்டு, ஒரு டம்ளர் கொழுப்புள்ள பால், சீஸ் கட்டி இரண்டு, வெண்ணெய் ஒரு ஸ்பூன்.

முதலில் சாசேஜ். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்கள் தெருவில் இருந்த ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் எண்ணெயில் போட்டுக் கருக்குவதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா அதைப் போட்டு இந்தப் பாடு படுத்துற? கொஞ்சம் தண்ணி ஊத்தி மூடி வை, தண்ணி வத்துனா அதுவா சிவக்கும்" என்றார். அவ்வளவுதான். மேலுறையை உரிக்கச் சொல்லிப் பாக்கெட்டில் போட்டிருந்தால் உரித்துவிடுங்கள். சாசேஜைச் சாய்வாகக் கால் அங்குல வில்லைகளாக வெட்டி வாணலியில் பரப்பி, கால் டம்ளர் தண்ணீரும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் விட்டு மூடுங்கள். நான்கைந்து நிமிடத்தில் சலசலப்பு அடங்கி, சுர்ரென்று சத்தம் மாறும். அப்போது மூடியை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் பொன்னிறமாகத் திருப்பி எடுத்துத் தனியே வையுங்கள். அடியில் பழுப்பாக ஒட்டியிருக்கும் படலத்தைத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள், ருசியே அதில்தான்.

அதே வாணலியில் வெண்ணெயைப் போட்டு, ஒன்றிரண்டாகத் தட்டிய சோம்பு, நறுக்கிய பூண்டு, கிள்ளிய மிளகாய், வெங்காயம் வரிசையாகப் போட்டு வதக்குங்கள். வெங்காயம் சிவக்க வேண்டாம், கண்ணாடி மாதிரி ஆனால் போதும். பாஸ்தாவைக் கொட்டி, முக்கால் லிட்டர் கொதிநீர் ஊற்றுங்கள். பாஸ்தாவின் எடையைப் போல மூன்று மடங்கு என்பது கணக்கு. உப்பு அரை டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம். வடிக்கிற முறையில்தான் லிட்டருக்குப் பத்து கிராம் உப்பு போடுவார்கள், அதில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். இங்கே போட்டதெல்லாம் உள்ளேயே நிற்கும், போதாததற்குச் சாசேஜிலும் சீஸிலும் உப்பு இருக்கிறது. முதல் தடவை இது தெரியாமல் போட்டு, நாள் முழுக்கத் தண்ணீர் குடித்தோம்.

மூடாமல், நடுத்தரத் தீயில், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை கிளறிவிடுங்கள். பத்து முதல் பன்னிரண்டு நிமிடம் ஆகும். ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள்: நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்து, பல்லில் லேசாகத் தட்டுப்பட வேண்டும். அடியில் கஞ்சி பதத்தில் அரை அங்குலத் தண்ணீர் நிற்க வேண்டும். இப்போது தீயைச் சிம்முக்குக் கொண்டுவந்து, காய்ச்சிய சூடான பாலை ஊற்றுங்கள். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த பாலை அப்படியே ஊற்ற வேண்டாம். நான் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால்தான் ஊற்றுகிறேன், அதில் 6 சதவீதம் கொழுப்பு இருக்கிறது, தாராளமாகப் போதும். கிரீம் வேண்டுமென்றால் கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு, கால் டம்ளர். சாசேஜைத் திரும்பப் போட்டு இரண்டு நிமிடம் கிளறி, அடுப்பை அணைத்துவிட்டுத் துருவிய சீஸைத் தூவிக் கலக்குங்கள். சாதாரண பதப்படுத்திய சீஸ் கட்டியே நல்லது. அது பிரியாமல் உருகுவதற்கான உப்புகளை அதில் ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள். மொசரெல்லா நூல் நூலாக இழுக்கும், படம் எடுக்க அழகாக இருக்கும், சாஸுக்கு உதவாது. மேலே மிளகுத்தூள். பீட்சாவோடு வரும் ஆரிகானோ பொட்டலங்கள் உங்கள் ஃப்ரிட்ஜ் கதவிலும் குவிந்து கிடக்கும், அதில் ஒன்றைப் பிரித்துப் போடுங்கள்.

தக்காளி இல்லாமல் முடியாது என்றால் ஒன்றே ஒன்று. அதையும் வெங்காயத்தோடு எண்ணெய் பிரியும் வரை வதக்கிவிடுங்கள், பாலைத் தவிர்த்து கிரீமையும் சீஸையும் அடுப்பை அணைத்த பிறகு மட்டும் சேருங்கள். என்னைக் கேட்டால் தக்காளி வேண்டாம். இத்தாலியில் உம்ப்ரியா பகுதியில் நோர்ச்சா என்ற ஊர் பன்றி இறைச்சி வேலைக்குப் பேர் போனது. அந்த ஊர்ப் பெயரில் வழங்கும் பாஸ்தா அல்லா நோர்ச்சினா என்பதுதான் நாம் செய்யும் இந்தச் சாப்பாட்டுக்குப் பெரியம்மா மாதிரி. சாசேஜ், கிரீம், மிளகு. தக்காளி கிடையாது.

இதைவிட ஒரு படி மேலே போக வேண்டுமென்றால் பாக்கெட் சாசேஜையே விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் 'இத்தாலியன் சாசேஜ்' என்று விற்பதன் முக்கிய வாசனை என்ன தெரியுமா? நம் சோம்பு. அஞ்சறைப் பெட்டியில் அதை வைத்துக்கொண்டு நாம் ஏன் கோல்ட் ஸ்டோரேஜுக்கு ஓட வேண்டும்? கறிக்கடையில் கோழித் தொடைக்கறியாகக் கேட்டு கைமா போட்டு வாங்குங்கள். நெஞ்சுக்கறி வறண்டுவிடும். கால் கிலோ கைமாவுக்குத் தட்டிய சோம்பு ஒரு டீஸ்பூன், மிளகு அரை, உப்பு அரை, நசுக்கிய பூண்டு நான்கு பல் போட்டுப் பிசைந்து, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, நெல்லிக்காய் அளவுக்குக் கிள்ளிக் கிள்ளி எண்ணெயில் போட்டு உள்ளே சிவப்பு தெரியாமல் நன்றாக வேகும்வரை வறுத்தெடுங்கள். மாட்டுக்கறிக் கைமாவிலும் செய்வோம், அது இன்னும் ருசி. நான் முதல் தடவை செய்தபோது மாமியார் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்: "இன்னாம்மா, சால்னா வைக்கிறியா? பாஸ்தான்னு சொன்ன?" சோம்பு செய்த வேலை. அதுவரை பாஸ்தாவைத் தொடாதவர், அன்றைக்கு ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டார். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ நூடுல்ஸை நாற்பது வருடமாகச் சாப்பிடுகிற மனுஷி அவர், இது மட்டும் எப்படி அந்நியமாக இருக்கும்! சின்னவள் இன்னொரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். அத்தோக் கடையில் வாங்கி வந்த பேஜோ என்ற பொரித்த தட்டையை நொறுக்கி பாஸ்தா மேல் தூவிக்கொள்கிறாள். எனக்கு முதலில் பிடிக்கவில்லை. இப்போது நானும் தூவிக்கொள்கிறேன், கொழகொழப்புக்கு நடுவில் அந்த மொறுமொறுப்பு வேண்டியிருக்கிறது.

கட்டியாவதைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அதற்கு வெண்பொங்கலை நினைத்துக்கொள்ளுங்கள். இறக்கும்போது தளதளவென்று இருந்தால்தான் இலையில் விழும்போது பதமாக இருக்கும். பாஸ்தாவும் இறக்கிய பிறகு சாஸைக் குடித்துக்கொண்டே இருக்கும், சீஸும் ஆற ஆற இறுகும். "ஐயோ, தண்ணியா இருக்கே" என்று உங்களுக்குத் தோன்றும் கட்டத்திலேயே அணைத்துவிடுங்கள். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் வீடு என்றால் பிரச்சினையே இல்லை. எங்கள் வீட்டில் பிள்ளைகள் எட்டு மணிக்கு, அவர் ஒன்பதரைக்கு மேல். அவருடைய பங்கை வாணலியிலேயே விட்டுவைத்து, அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் கால் டம்ளர் சுடுபால் விட்டு, சிம்மில் இரண்டு நிமிடம் கிளறுவேன். இறுகிக் கிடந்தது மறுபடி இளகி வந்துவிடும். மைக்ரோவேவில் வைத்தால் எண்ணெய் பிரிந்து நிற்கும், அடுப்பிலேயே செய்யுங்கள்.