மூன்றாவது நீட்டுக்கு முன்னால் பாரா பேட்மிண்டன் தகுதியைப் பாருங்கள்

அம்மா, மகளுக்குப் பிறக்கும்போதே தோள்பட்டை நரம்பு இழுபட்டு இடது கை முழுதாகத் தூக்க வராது, நீட் இரண்டு முறை எழுதியாயிற்று, மூன்றாவது முறைக்கு நகையை அடகு வைத்துக் கோச்சிங் சேர்க்கச் சொல்கிறார் அண்ணன் என்று எழுதியிருக்கிறீர்கள். பதற்றம் புரிகிறது. ஆனால் நகையைத் தொடாதீர்கள். எம்பிபிஎஸ்ஸில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடம் உண்டு, சரி. அதற்காக "எனக்கு டாக்டர் படிப்பு வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்கிற பெண்ணை இன்னொரு வருடம் விடுதியில் அடைப்பீர்களா? கடன் உங்களுடையது, வருடம் அவளுடையது. அண்ணனுக்கு என்ன நஷ்டம்?

எந்நேரமும் ஷட்டில் பேட்டும் கையுமாகவே இருக்கிறாள் என்று குறையாக ஒரு வரி எழுதினீர்களே, நான் பிடித்துக்கொண்டது அதைத்தான். மாற்றுத்திறனாளிகளுக்கான பாரா பேட்மிண்டனில் எஸ்யூ5 பிரிவு கைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது, பாதிப்பு பேட் பிடிக்கும் கையில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்தப் பிரிவின் பெண்கள் ஒற்றையரில் வெள்ளி துளசிமதி முருகேசனுக்கு, வெண்கலம் மனிஷா ராமதாஸுக்கு, இரண்டு பேருமே தமிழ்நாடு. மனிஷாவுக்கும் பிரசவத்தில் வந்த நரம்புப் பாதிப்புதான். துளசிமதி நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டே ஆடியவர், அதனால் விளையாடினால் படிப்பு போய்விடும் என்று யாராவது ஆரம்பித்தால் காதில் வாங்காதீர்கள்.

"40 சதவீத மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இருக்கிறதே" என்று கேட்பீர்கள். அது அரசு சலுகைக்கு. பாரா விளையாட்டில் கிளாஸிஃபிகேஷன் என்று தனிச் சோதனை உண்டு. எந்த நோயால், எந்தத் தசை எவ்வளவு பலவீனம் என்பதற்கு முதலில் மருத்துவ ஆவணம் கேட்பார்கள். அப்புறம் பயிற்சி பெற்ற குழு தோள், முழங்கை, மணிக்கட்டின் பலத்தைக் கையாலேயே சோதிக்கும், ஆட்டத்திலும் கவனிக்கும். குறைபாடு அந்த ஆட்டத்துக்கான குறைந்தபட்ச அளவை எட்டாவிட்டால், சான்றிதழில் எத்தனை சதவீதம் இருந்தாலும் இடமில்லை. வெறும் வலியைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். ஒருமுறை பிரிவு கொடுத்துவிட்டு, பிறகு மறுபடி பார்க்க வேண்டும் என்று குறித்து வைப்பதும் உண்டு.

சோதனையில் கையைக் கொஞ்சம் கூடுதலாகத் தொங்கவிடச் சொல்ல உறவில் யாராவது ஒருவர் வருவார். கண்டிப்பாக வேண்டாம். பொய்யாகக் காட்டியது தெரிந்தால் தடை விழும். வாங்கிய பதக்கமே நிலைக்காமல் போனதுண்டு: டோக்கியோ பாராலிம்பிக்கில் எஃப்52 என்ற பிரிவின் வட்டு எறிதலில் நம் நாட்டு வீரர் ஒருவர் வெண்கலம் வென்ற பிறகும், அந்தப் பிரிவுக்குத் தகுதியில்லை என்று குழு முடிவெடுத்ததால் அது பறிபோனது.

தகுதி கிடைத்தாலே பதக்கம் வந்துவிடாது. வெளிநாட்டுப் போட்டி, விமானச் செலவு எல்லாம் இப்போது யோசிக்க வேண்டாம், "பிரிவு வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். இந்த மாதம் இரண்டு வேலை போதும். பிரசவக்கால ஆவணங்களைத் தேடுங்கள், இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பு மருத்துவரைப் பார்த்து தசை, நரம்பின் செயல்பாட்டை அளக்கும் இஎம்ஜி பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அந்த ரிப்போர்ட்டோடு மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்குப் போய், மாநிலப் பாரா பேட்மிண்டன் தேர்வு எப்போது என்று விசாரியுங்கள். அவளையும் கூட்டிப் போங்கள், அவளே பேசட்டும்.