ஷெங்கன் விசா கைக்கு வரும் முன் விமான டிக்கெட் போடலாமா?

பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் செல்லுபடியாகும் ஒரே விசாதான் ஷெங்கன் விசா. ஜூன் 10 அன்று பாரிஸ் போய், சுவிட்சர்லாந்து, ரோம் பார்த்துத் திரும்புகிறோம், டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகிறது, இப்போதே போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் திரும்பாத டிக்கெட் என்றால் தயவுசெய்து போடாதீர்கள்.

15 நாளில் விசா வந்துவிடும் என்ற கணக்கை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த 15 நாள் ஆன்லைனில் படிவம் நிரப்பும் நாளிலிருந்து ஓடுவதில்லை. தூதரகம் விண்ணப்பத்தை ஏற்ற பிறகுதான் தொடங்கும். கூடுதல் ஆவணமோ விசாரணையோ தேவைப்பட்டால் 45 நாள் வரை நீட்ட விதி இடம் கொடுக்கிறது. அதற்கும் முன்னால் கைரேகை கொடுக்க விசா மையத்தில் ஸ்லாட், அதாவது நேரில் வர ஒதுக்கப்படும் நேரம், கிடைக்க வேண்டும். கோடை விடுமுறைக் கூட்டத்தில் உண்மையான தாமதம் அங்கேதான். ஆனால் பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு டிசம்பர் 10 முதலே வழி திறந்திருக்கிறது. ஜூன் 10இலிருந்து 45 நாள் பின்னால் எண்ணி, பாஸ்போர்ட் திரும்பி வரவும் டிக்கெட் போடவும் மூன்று வாரம் விட்டால், ஏப்ரல் முதல் வாரத்துக்குள் ஃபைல் உள்ளே போயிருக்க வேண்டும். ஸ்லாட்டை பிப்ரவரியிலேயே தேடுங்கள். பாஸ்போர்ட் அங்கே இருக்கும் வாரங்களில் வேறு வெளிநாட்டுப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்லாட்டுக்கும் முன்னால் முடிவாக வேண்டியது, எந்த ஊரில் எத்தனை இரவு என்பது. அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. பாரிஸ் 4, சுவிஸ் 3, ரோம் 4 என்றால் பிரான்ஸ். ரோமில் ஒரு இரவைக் கூட்டினால் இத்தாலி. பிரான்ஸ் ஸ்லாட் எடுத்த பிறகு ஹோட்டலை மாற்றி இந்தக் கணக்கைக் குலைத்தால் விண்ணப்பமே தவறான இடத்துக்குப் போய்விடும்.

ஹோட்டல்களை இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு போடுங்கள். கடைசித் தேதி ஜூன் முதல் வாரத்தில் விழுகிறதா என்று ஒவ்வொன்றிலும் பாருங்கள். பாஸ்போர்ட் திரும்பும் வரை எதையும் ரத்து செய்ய வேண்டாம்.

விமானத்துக்குப் போகவர முன்பதிவைக் காட்டினால் போதும், பணம் கட்டிய டிக்கெட்தான் வேண்டும் என்று ஷெங்கன் விசா விதியில் இல்லை. பணம் கட்டாமல் ஏஜென்ட் பிடித்து வைக்கும் பிஎன்ஆர் (முன்பதிவு எண்) பெரும்பாலும் சில நாளில் காலாவதியாகும். அதிகாரி பார்க்கும்போது அது உயிரோடு இருக்காது. அதனால் ரத்து செய்தால் பணம் திரும்பும் ரீஃபண்டபிள் டிக்கெட்தான் என் பரிந்துரை. ஆனால் கட்டண விதியைத் திறந்து, ஆளுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், பணமாகத் தருவார்களா வவுச்சராகவா என்று படித்துவிடுங்கள். இணையத்தில் விற்கும் போலி டிக்கெட் பக்கமே போகாதீர்கள். போலி ஆவணம் என்று நிராகரித்தால் அந்தப் பதிவு ஷெங்கன் நாடுகளின் பொதுத் தகவல் அமைப்பில் 5 ஆண்டு இருக்கும். 90 யூரோ கட்டணமும் திரும்பாது.

விசா ஸ்டிக்கர் வந்ததும் தேதிகளை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். எத்தனை நாள் தங்கலாம் என்ற எண் தனியாக இருக்கும். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் அதில் சேரும். ரோமில் நள்ளிரவு தாண்டி இமிக்ரேஷன் கடந்தால் ஒரு நாள் கூடிவிடும். நடுவில் ஷெங்கனுக்கு வெளியே இருக்கும் லண்டன் போய்த் திரும்பும் எண்ணம் இருந்தால், ஒரு முறை மட்டும் நுழைய விடும் விசா உதவாது. இதெல்லாம் சரியாக இருந்தால் அன்றைக்கே மலிவான டிக்கெட்டைத் தேடி எடுத்துவிட்டு, ரீஃபண்டபிளை அதன் பிறகு ரத்து செய்யுங்கள்.