வரலாற்றுக் கதைக்குக் கணினிச் செயல்திட்டம்: எதைக் கொடுக்கலாம்?

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுக்கிறேன். வரலாற்றுக் கதை ஒன்றைப் படித்து முடித்ததும் பவர்பாயிண்ட் செயல்திட்டம் கொடுத்தேன். வந்தவை எல்லாம் இணையத்திலிருந்து வெட்டி ஒட்டிய படங்களும் ஆண்டுகளும்தான். கதையைக் காணோம். எங்களிடம் கணினிகளும் குறைவு. உருப்படியாக என்ன செய்யச் சொல்லலாம்? மதிப்பெண் எப்படிப் போடுவது?

பதில்: ஸ்லைடில் நிரப்பத் தகவல் வேண்டும், மாணவர்கள் தகவலை நிரப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. வரலாற்றுக் கதையில் கற்றுக்கொள்ள வேண்டியது, சான்று எங்கே முடிகிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது என்பதை. அந்த எல்லையில் மாணவரைக் கொண்டுபோய் நிறுத்தாத செயல்திட்டம், எவ்வளவு உயர்ந்த மென்பொருளில் செய்தாலும் வெறும் அலங்காரம்தான்.

நான் முதலில் சொல்வது ஒலி நாடகம். நான்கைந்து பேர் கொண்ட குழு, ஒரே காட்சி, ஐந்து நிமிடத்துக்குள். கைபேசியில் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வெட்டிச் சேர்க்கலாம். குழுவுக்கு ஒரு கணினி, அதுவும் கடைசிக் கட்டத்தில் மட்டும் போதும்.

கி.பி. 79-இல் இத்தாலியில் வெசுவியஸ் எரிமலை வெடித்து, பாம்பெய் என்ற ரோமானிய நகரைப் புதைத்த கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவுக் காட்சியில் ஒருத்தி விளக்கேற்றுகிறாள். மாணவர் கொஞ்சமும் யோசிக்காமல் தீக்குச்சி உரசும் ஓசையைச் சேர்ப்பார். உரசினால் பற்றும் தீக்குச்சி இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்ததே 1827-இல்தான். அப்படியானால் அவள் நெருப்புக்கு எங்கே போனாள்? அடுப்பில் மூடி வைத்த கனலுக்கா, ஏற்கெனவே எரியும் இன்னொரு விளக்குக்கா? நெருப்பை எடுத்துவர அவள் எழுந்து நடக்க வேண்டும். நடந்தால் வழியில் யாரையாவது பார்க்க வேண்டும். ஒரு தீக்குச்சியை எடுத்துவிட்டதால் காட்சியே மாறிவிடுகிறது. பின்னணியில் 'டிக் டிக்' என்று கடிகாரம் ஓடினால் அதையும் பிடுங்கி எறியச் சொல்லுங்கள்.

சான்றுக்குப் பஞ்சமில்லாத கதைக்களம் இது. எரிமலை வெடித்தபோது, பின்னாளில் ரோமானிய எழுத்தாளராகப் பெயர்பெற்ற இளைய பிளினிக்கு 17 வயது. நேப்பிள்ஸ் வளைகுடாவின் மறுபக்கம் மிசெனம் என்ற ஊரில் இருந்தார். அருகில் சென்று பார்க்கலாம் வா என்று மாமா அழைத்தபோது, படிக்க வேண்டியிருக்கிறது என்று தங்கிவிட்டார். போன மாமா திரும்பவில்லை. பின்னாளில் வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு இதைப் பற்றி அவர் எழுதிய இரண்டு கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. படிப்பைச் சாக்காகச் சொல்லி ஒருவன் உயிர் பிழைத்தான் என்றால் உங்கள் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

எரிமலை வெடித்த நாள் ஆகஸ்ட் 24 என்கிறது, அக்கடிதங்களில் ஒன்றின் வழக்கமாக ஏற்கப்படும் வாசகம். ஆனால் 2018-இல் பாம்பெய்ச் சுவரொன்றில் அக்டோபர் 17 என்ற தேதியோடு கரியால் எழுதிய வரி ஒன்று கிடைத்தது. அது அந்த ஆண்டே எழுதியது என்றால், எரிமலை வெடித்தது அதற்குப் பிறகுதான். ஆண்டு அதில் இல்லை; எனவே வாதம் தொடர்கிறது. உங்கள் குழுக்கள் ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். பாத்திரம் வெயிலில் வியர்க்கிறதா, குளிருக்குப் போர்த்திக்கொள்கிறதா? எதை எடுத்தாலும் சரி, காரணத்தை எழுதித் தர வேண்டும்.

பயணம் நிறைந்த கதை என்றால் வரைபடம் பொருந்தும். ரோமானியக் காலத்துக்கு ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் 'ஆர்பிஸ்' தளம் இருக்கிறது: இரண்டு ஊர்களையும் பருவத்தையும் கொடுத்தால், அன்று பயணத்துக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்லும். காலையில் அனுப்பிய கடிதத்துக்கு மாலையில் பதில் வரும் கதைகள் அங்கேயே உதிர்ந்துவிடும். அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று வாசகரே முடிவெடுக்கும் கிளைக்கதைக்கு ட்வைன் என்ற மென்பொருள் நல்ல கருவிதான். ஆனால் கிளைகள் பெருகி மாணவர்கள் கதையைத் தொலைப்பார்கள். மூன்று திருப்பங்களுக்கு மேல் விடாதீர்கள்.

பாத்திரத்துக்குச் சமூக ஊடகப் பக்கம் தயாரிக்கும் பயிற்சி பல வகுப்புகளில் நடக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ரோமானிய அடிமைப் பெண் இன்றைய பள்ளி மாணவியைப் போலப் பேசத் தொடங்கிவிடுவாள். வகுப்பு சிரிக்கும், அவ்வளவுதான். செயற்கை நுண்ணறிவிடம் வரலாற்று மனிதராக நடிக்கச் சொல்லிப் பேட்டி எடுப்பதை, அந்தப் பதில்களில் பிழை பிடிக்கும் பயிற்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாத சான்றையும் அது தயங்காமல் சொல்லும்.

மதிப்பெண்ணுக்கு வருவோம். நாடகப் பிரதியின் ஓரத்தில், முக்கியமான ஒவ்வொரு விவரத்துக்கும் எதிரே 'சான்று', 'ஊகம்', 'கற்பனை' என மூன்றில் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். சான்று என்றால் எங்கே கிடைத்தது, ஊகம் என்றால் எதை வைத்து என்று ஒரு வரி வேண்டும். 20 மதிப்பெண்ணில் 10 இந்த ஓரக்குறிப்புக்கு, 8 கதைக்கும் உரையாடலுக்கும், ஒலிச்சேர்க்கை நேர்த்திக்கு 2 போதும். வீட்டில் நல்ல கணினி வைத்திருக்கும் பிள்ளை அதனாலேயே முந்திவிடக் கூடாது. ஓரக்குறிப்போடு பிரதியைத் திருத்திக் கொடுத்த பிறகே பதிவு செய்ய அனுமதியுங்கள். பதிவான பிறகு ஒரு வரியை மாற்றச் சொன்னாலும் எந்தக் குழுவும் இணங்காது.