மெடிசின் கிடைக்கவில்லை, சரி, பிசியோதெரபியைப் பார்த்தீர்களா?

வெள்ளவத்தையிலிருந்து தாயும் தகப்பனும் மகளின் படிப்பைப் பற்றி என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தார்கள். மகள் உயர்தரத்தில் பயோ செய்தவள். மெடிசினுக்கு இசட் புள்ளி எட்டவில்லை. காசு கட்டியாவது வெளிநாட்டில் டொக்டராக்கச் சொல்லி லண்டன் பெரியம்மா தினமும் போன் எடுக்கிறாராம். அதைவிடப் பெரிய கவலை, பிள்ளை பின்னேரங்களில் எம்எம்ஏ என்ற கலப்புத் தற்காப்புச் சண்டை பழகுகிறாள். "பொம்பிளைப் பிள்ளைக்கு இந்த ரவுடி விளையாட்டு எதுக்கு?"

அம்மா, 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் யூஎப்சி என்ற எம்எம்ஏ போட்டி முதல்முறை நடந்தபோது எடைப் பிரிவே இல்லை, விதிகளும் பெயருக்குத்தான். பிரேசிலின் வாலே டூடோ என்ற, விதி குறைந்த சண்டைகளிலிருந்து வந்த வழக்கம் அது. ஆனால் அன்று வென்ற ரொய்ஸ் கிரேசி மெலிந்த மனிதர். எதிரே வந்த மூவரையும் பிடிபோட்டே பணியவைத்தார். பலம் மட்டும் போதாது, பிடி தெரியவேண்டும் என்று ஊருலகம் ஜியு-ஜிட்சு என்ற பிடிச்சண்டைக் கலையைப் பழகத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 2000ஆம் ஆண்டை ஒட்டி எடைப் பிரிவு, ஐந்து நிமிடச் சுற்று, தடைசெய்த அடிகள் என்று பொது விதிகள் வந்தன. 2013இல் பெண்களும் யூஎப்சியில் இறங்கினார்கள். 2024இல் இந்தியாவின் பூஜா தோமர் அங்கே வென்றார். ரவுடித்தனம் என்ற பேச்சை விடுங்கள். சண்டை போட்டே பிழைக்கலாம் என்று நான் சொல்லவில்லை, பிள்ளையும் கேட்கவில்லை.

அவளுடைய கொப்பியைப் பார்த்தீர்களா? முழங்கை மூட்டை வரைந்து, ஆர்ம்பார் என்ற, கையை நீட்டி முறுக்கும் பிடியில் எந்த நார் இழுபடும் என்று அம்புக்குறி போட்டிருக்கிறாள். கூடப் பழகுபவளுக்கு முழங்கால் பிரண்டபோது என்ன பயிற்சி, எப்போது நடக்கவிடலாம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். அவள் மனம் போகிற இடம் அதுதான்.

கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் பிசியோதெரபி பட்டம் இருக்கிறது. பயோ பிரிவின் மூன்று பாடங்களும் அவளிடம் உண்டு. வெட்டுப்புள்ளி மெடிசினைவிடக் குறைவு. நாலு வருடம், ஆங்கில மூலம், அரச பல்கலைக்கழகம் என்பதால் கட்டணம் இல்லை. உடற்கூறு, உடற்றொழில் படித்து, பக்கவாதக்காரரை எழுப்பி உட்காரவைப்பது முதல் சத்திரசிகிச்சை முடிந்த முழங்காலை மடக்கவைப்பது வரை ஆஸ்பத்திரி வார்டிலேயே பழகவேண்டும். அப்புறம் அரச, தனியார் ஆஸ்பத்திரிகள், விளையாட்டு அணிகள் என்று வேலை விரிகிறது. பிடியில் மாட்டிய தோள் எப்படி வலிக்கும் என்று உடம்பாலேயே தெரிந்தவள் அந்த வேலைக்கு வருவது லேசான விஷயமில்லை.

வீட்டை ஈடுவைத்து வெளிநாட்டு மெடிசினுக்கு அனுப்பாதீர்கள். ஐந்தாறு வருடக் கட்டணத்துக்குப் பிறகு இங்கே டொக்டராகப் பதிய ஈஆர்பிஎம் பரீட்சை, அதற்குப் பிறகு உள்ளகப் பயிற்சிக்குக் காத்திருப்பு. அந்தக் கடன் பெரியம்மாவின் தலையில் விழாது.

எம்எம்ஏ வகுப்பை நிறுத்தவேண்டாம். தலையில் அடி பட்டால் மட்டும் அன்றே நிறுத்தி டொக்டரிடம் காட்டுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை இந்தக் கிழமையே எடுத்து, இரண்டு பல்கலைக்கழகங்களின் பிசியோதெரபி குறியீடுகளையும் விண்ணப்பத்தில் மேலே போடுங்கள். வரிசையை அவளே எழுதட்டும்.