பெரிய கம்பெனி ஆம்ப், கம்மி விலை: நீங்க கேட்டதுக்கு என் பதில்

வேலூர் சத்துவாச்சாரில ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), மிக்சர் ரிப்பேர் பாக்கறவன் நான். மார்ஷல், ஆரஞ்ச், வாக்ஸ் மாதிரி கம்பெனிங்க கம்மி விலையில விடற கிட்டார் ஆம்ப் வாங்கலாமான்னு நிறைய பேர் கேட்டுகினே இருக்கீங்க, வந்த கேள்வியெல்லாம் சேத்து வெச்சு ஒரே மூச்சுல சொல்லிடறேன்.

காட்பாடி, காலேஜ் தம்பி: அண்ணா, மார்ஷல் எம்ஜி வாங்கினா ரெக்கார்டுல கேக்கற அந்த மார்ஷல் சவுண்ட் வருமா?

வராது தம்பி. எம்ஜி மார்ஷலோட கம்மி விலை வரிசை, அதுல வால்வே (பழைய ரேடியோவுல சூடாகி எரியுமே, அந்த கண்ணாடிக் குழாய்) கிடையாது, முழுக்க டிரான்சிஸ்டர். நீ கேக்கற சவுண்ட், 1962ல ஜிம் மார்ஷல் லண்டன் கடையில ஃபெண்டர் கம்பெனியோட பாஸ்மேன் ஆம்ப் சர்க்யூட்டைப் பாத்து ஜேடிஎம்45னு ஒரு வால்வு ஆம்ப் செஞ்சாங்களே, அங்க ஆரம்பிச்சது, வால்வு ஆம்ப்ல வால்யூமை முழுசா ஏத்தி விட்டா வர்ற சவுண்ட் அது. வீட்ல பழகறதுக்கு எம்ஜி போதும், ஆனா அந்த வெள்ளை எழுத்துக்காகத்தான் வாங்கறேன்னா வேணாம், பழகறதுக்கு பாஸ் கம்பெனியோட கட்டானா ஆம்ப்பையும் ஒரு தடவை வாசிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணு. மார்ஷலே தான் வேணும்னா கொஞ்ச மாசம் காசு சேத்து ஆரிஜின் 20 இல்லன்னா டிஎஸ்எல் 20 பாரு, ரெண்டுலயும் ரெண்டு இஎல்34 வால்வு இருக்கு, வியட்நாம்ல செய்யறது.

ஆம்பூர்ல இருந்து ஒருத்தர்: வியட்நாம், சைனான்னாலே மட்டம்னு சொல்றாங்களே, கை வேலை சரியில்லையா சார்?

சார், நீங்க ஆம்பூர்காரர். வெளிநாட்டு பிராண்ட் ஷூ உங்க ஊர்ல தைச்சு கப்பல் ஏறுது, தைக்கறவங்க கை சரியில்லன்னு யாராவது சொன்னா நீங்க ஒத்துப்பீங்களா? ஆர்டர் கொடுத்தவன் எந்த தோல் போடச் சொன்னான், சோலுக்கு எவ்ளோ ஒதுக்கினான், அதுல தான் விலை இருக்கு. ஆம்ப்லயும் அதே தான். ஆரஞ்ச் 2006ல டைனி டெரர்னு 15 வாட் ஆம்ப் விட்டாங்க, சைனாவுல செஞ்சது, ரெண்டு இஎல்84 வால்வு, தோள்ல மாட்டிகினு போற சைஸ், அது ஓடின ஓட்டத்துல மத்த கம்பெனியெல்லாம் சின்ன ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) செய்ய ஆரம்பிச்சாங்க. ஃபெண்டர் புளூஸ் ஜூனியர் மெக்சிகோவுல செய்யறாங்க, எத்தனை மேடையில நிக்குது அது.

காசு எங்க கொறையுதுன்னா, மொதல்ல டிரான்ஸ்ஃபார்மர். காஸ்ட்லி ஆம்ப்ல வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல இருக்கற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை கையில எடுத்தா மணிக்கட்டு இறங்கும், கம்மி விலைதுல அதே வாட்டுக்கு பாதி சைஸ்ல இருக்கும், தாழ்ந்த சுரம் அடிக்கும்போது சவுண்ட் கலங்கிப் போகும். அடுத்து ஸ்பீக்கர். அப்பறம் பொட்டி, பிளைவுட்டுக்கு பதிலா மரத்தூள் பலகை, நம்ம ஊரு மழையில ஒரு தடவை நனைஞ்சா ஊதிக்கும். மார்ஷலோட 1959எச்டபிள்யூ மாதிரி கையால ஒயர் பண்றது விலை ஏறுறதுக்கு காரணம் மனுஷன் உக்காந்து ஒவ்வொரு ஜாயின்ட்டா வைக்கற நேரம்.

ராணிப்பேட்டை: உங்க கைக்கு வந்ததுல அதிகமா போறது எது?

இன்புட் ஜாக். போன மழைக்காலத்துல சர்ச்சுல வாசிக்கற பிரதர் ஒருத்தர் எடுத்துகினு வந்தாரு, பெரிய பேர் உள்ள கம்பெனியோட கம்மி விலை மாடல், பேர் வேணாம். கேபிளை ஆட்டினா சவுண்ட் வருது, விட்டா போவுது. திறந்து லென்ஸ் வெச்சு பாத்தேன், ஜாக் நேரா பிசிபி (சர்க்யூட் போர்டு) மேலயே நிக்குது, முன்னாடி பிடிச்சிருக்கறது ஒரு பிளாஸ்டிக் நட்டு தான், ஈயம் வெச்ச இடத்தைச் சுத்தி முடி மாதிரி ஒரு கருப்பு வளையம். அதான் விரிசல். ஒவ்வொரு ஞாயிறும் கேபிள் குத்தற குத்து முழுக்க அந்த ஈயத்து மேலயே இறங்கியிருக்கு. பழசை எடுத்துட்டு மெட்டல் ஜாக் ஒண்ணை சேசிஸ்ல (ஆம்ப்போட மெட்டல் கூடு) முடுக்கி, ரெண்டு ஒயர் இழுத்து விட்டேன், இன்னிக்கு வரைக்கும் ஓடுது. சில பத்து ரூபா மிச்சம் பண்ண எடுக்கற இந்த முடிவு எனக்கு நெஜமாவே வருத்தமா இருக்கு, ஏன்னா அதை வாங்கறவன் மாச சம்பளத்துல எடுத்து வெச்சு வாங்கறான்.

குடியாத்தம், சர்ச் கொயர்: 300 பேர் உக்காருற சர்ச், 100 வாட் வேணுமா அண்ணே?

வேணாம். 100 வாட்டு 10 வாட்டை விட காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமாத் தான் தெரியும், பத்து மடங்கு இல்ல. 15 வாட் வால்வு ஆம்ப் முன்னாடி ஒரு மைக் வெச்சு மிக்சருக்கு கொடுத்துடுங்க, மிச்சக் காசுல நல்ல ஸ்பீக்கர் மாத்துங்க.

வாலாஜா: சோல்டானோ, ஃப்ரீட்மன் மாதிரி காஸ்ட்லி கம்பெனியெல்லாம் குட்டி ஆம்ப் விடறாங்களே?

30 வாட் மினி ஹெட்டுங்க தானே, அதுல வால்வு இல்ல. ஆனா இதை எம்ஜியோட சேக்க மாட்டேன், பெரிய ஆம்ப்போட முன்பகுதி சர்க்யூட்டை டிரான்சிஸ்டர்ல கொண்டு வர மெனக்கெட்டிருக்காங்க. இவிஎச் கம்பெனியோட 5150 ஐகானிக் ஆம்ப் பாதி இந்த வழி தான், முன்பகுதியில ரெண்டு 12ஏஎக்ஸ்7 வால்வு இருக்கு, மீதி கெயின் (சிக்னலை ஏத்தற வேலை) டிரான்சிஸ்டர் பக்கம். நல்ல கேபினெட் (ஸ்பீக்கர் பொட்டி) கையில இருந்தா மினி ஹெட் வாங்கலாம்.

மெசா பூகி ஆம்ப் கம்மி விலையில வருமான்னு ஒருத்தர் கேட்டாரு. கலிஃபோர்னியா பெட்டலூமாவுல செய்யறாங்க, 2021ல கிப்சன் வாங்கினாங்க. சின்ன சைஸ் உண்டு, சின்ன விலை கிடையாது.

ஆற்காடு, பெரியவர் ஒருத்தர்: ராணிப்பேட்டை பெல்லுல வால்வு செஞ்சாங்களாமே?

அது பாய்லர் வேலை பாக்கற பெல் (பாரத் ஹெவி எலக்ட்ரிகல்ஸ்) ஐயா. ரேடியோ வால்வு செஞ்சது பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ், அதையும் பெல்னு சொல்றதால வர்ற குழப்பம். அவங்க ஈசிசி83 வால்வு இன்னும் பழைய ரேடியோ கடையில கிடைச்சா விடாதீங்க, அது தான் 12ஏஎக்ஸ்7, ஆம்ப்ல அப்படியே உக்காரும்.

பாகாயம்: அமெரிக்காவுல இருந்து மாமா வால்வு ஆம்ப் கொண்டு வர்றாரு, நேரா பிளக்ல போடலாமா?

பின் பக்கத் தகட்டைப் பாருமா. 120 வோல்ட்னு மட்டும் இருந்தா நம்ம 230ல போட்டதும் ஃபியூஸ் போவும், நேரம் சரியில்லன்னா டிரான்ஸ்ஃபார்மரே போவும். வோல்டேஜைக் குறைக்கற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும், ஆம்ப் இழுக்கற வாட்டை விட பெருசா வாங்கு. கரண்ட் போனா ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டர்ல ஓட்டாத, சைன் வேவ்னா பரவாயில்ல. ஸ்பீக்கர் ஒயர் மாட்டாம வால்வு ஆம்ப்பை ஆன் பண்ணவே கூடாது. உள்ள கை வைக்காத, பிளக்கை பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டர்ல 400 வோல்ட் கூட நிக்கலாம். மாமா வந்ததும் கடைக்கு எடுத்துகினு வா, தகட்டைப் பாத்துட்டு எவ்ளோ வாட் டிரான்ஸ்ஃபார்மர்னு எழுதித் தர்றேன்.