லென்ஸின் வாலில் ஓர் ஈ
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மார்த்தாண்டம் அருகே ரப்பர் தோட்டத்தில் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். ஏபிஎஸ்-சி சென்சார் கொண்ட கேமராவும், 18-55 கிட் லென்ஸும், 'மேக்ரோ' என்று அச்சிட்ட 70-300 ஜூம் லென்ஸும் என்னிடம் உள்ளன. தேனீயை முகம் தெரியப் படமெடுக்க ஆசை. 60 மி.மீ., 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ்களில் எதை வாங்கலாம்? 'இருக்கிற லென்ஸிலேயே மேக்ரோ என்று எழுதியிருக்கிறதே, புதிதாக எதற்கு?' என்று வீட்டில் கேட்கிறார்கள்.

பதில்: வீட்டில் கேட்பது நியாயமான கேள்வி என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். சிறு பொருளை மிக நெருங்கிப் பெரிதாக எடுப்பதைக் குறிக்கும் 'மேக்ரோ' என்ற சொல்லை ஜூம் லென்ஸ்களின் மேல் தாராளமாக அச்சிடுவது பழைய வழக்கம். அந்தச் சொல்லைப் படிப்பதைவிட, லென்ஸின் விவரக்குறிப்பில் உள்ள உருப்பெருக்க விகிதத்தைப் படியுங்கள். 1:1 என்றால், 1 செ.மீ. நீளமுள்ள தேனீயின் பிம்பம், கேமராவுக்குள் படம் பதியும் தகடான சென்சாரின் மேலும் அதே 1 செ.மீ. நீளத்தில் விழும். உங்கள் சென்சாரின் அகலம் ஏறத்தாழ 23 மி.மீ. ஆகையால், படத்தின் அகலத்தில் பாதியை நெருங்கும் அளவுக்குத் தேனீ நிற்கும். 'மேக்ரோ' ஜூம்கள் பலவற்றில் கிடைப்பது 1:4 மட்டுமே. அதில் அதே தேனீ இரண்டரை மி.மீ. பிம்பமாகச் சுருங்கி, படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் பிடிக்கும். 1:2 வரை செல்லும் ஜூம்களும் உண்டு; உங்களுடையது எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேக்ரோ என்று எதையும் எழுதிக்கொள்ளாத கேமராவோடு சேர்ந்து வரும் சாதாரணக் கிட் லென்ஸ்கள் சில ஏறத்தாழ 1:3 வரை தருகின்றன என்பது இந்தப் பெயர் விவகாரத்தில் எனக்குப் பிடித்த வேடிக்கை.

இனி 60-ஆ, 100-ஆ என்ற கேள்வி. இரண்டும் 1:1 தருபவையே. தேனீயின் உருவம் இரண்டிலும் ஒரே அளவில்தான் விழும். மாறுவது தேனீக்கும் உங்களுக்கும் இடையிலுள்ள தூரம். விவரக்குறிப்பில் 'மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம்' என்று போட்டிருப்பதை லென்ஸின் முனையிலிருந்து அளப்பதில்லை, கேமராவின் உள்ளே இருக்கும் சென்சாரிலிருந்தே அளக்கிறார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 60 மி.மீ. லென்ஸில் அது 20 செ.மீ.யை ஒட்டி இருக்கும். அதில் கேமராவின் தடிமனையும் லென்ஸின் நீளத்தையும் கழித்தால், லென்ஸின் முகப்புக்கும் பூச்சிக்கும் நடுவே 5 முதல் 10 செ.மீ. வரைதான் மிஞ்சும். 100 மி.மீ. லென்ஸில் 30 செ.மீ.யில் கழித்து 15 செ.மீ. அளவுக்கு இடம் கிடைக்கும். 180 மி.மீ. லென்ஸில் அது 25 செ.மீ.யை நெருங்கும், ஆனால் எடையும் விலையும் கூடவே ஏறிவிடும்.

ஜனவரி தொடங்கி ரப்பர் தளிர்விடும் நாட்களில், மூன்று சிற்றிலைகளும் காம்பில் கூடுமிடத்தில் சுரக்கும் தேனைக் குடிக்கத் தேனீக்கள் வருவதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. குடிப்பதில் மூழ்கிய தேனீ 60 மி.மீ. லென்ஸையும் பொறுத்துக்கொள்ளக்கூடும். பெட்டி வாசலில் காவல் நிற்கும் தேனீயிடம் அது நடக்காது. மூச்சுக்காற்று பட்டாலே அவை சீண்டப்பட்டுவிடும் என்பதால், அங்கே 5 முதல் 10 செ.மீ. கூடுதல் தூரம் என்பது படத்துக்கு மட்டுமல்லாமல் மூக்குக்கும் நல்லது. தளிர்க்கொத்தின் நிழலில் லென்ஸே வெளிச்சத்தை மறைத்துவிடும் தொல்லையும் 100-இல் குறைவு. ஆகையால் தயக்கமில்லாமல் 90 முதல் 105 மி.மீ. வரையுள்ளவற்றில் ஒன்றை வாங்குங்கள் என்பேன். நிறுவனப் பெயர் எனக்கு இரண்டாம்பட்சம்; 1:1 தரும் மேக்ரோ லென்ஸ்களில் மங்கலான படம் தருவதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

குவியத் தூரம் (60, 100 என்ற அந்த மி.மீ. எண்) குறைந்த லென்ஸில் கூர்மையின் ஆழம், அதாவது முன்பின்னாகக் கூர்மையாகத் தெரியும் பகுதி, அதிகம் கிடைக்கும் என்று சொல்லி 60-ஐ விற்பவர்கள் உண்டு. அதை நம்ப வேண்டாம். உருப்பெருக்கம் 1:1 என்று ஆகிவிட்டால், எந்த லென்ஸாக இருந்தாலும் ஆழம் நடைமுறையில் ஒன்றுதான். உங்கள் கேமராவில் ஒளி புகும் துளையான அபர்ச்சரை எஃப் 11 வரை குறுக்கி வைத்தாலும் அது 1 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். தேனீயின் தலையைக்கூட அது முழுமையாக அடக்காது. அபர்ச்சரை எஃப் 22 வரை குறுக்கினால் ஆழம் கூடும், ஆனால் ஒளியின் விளிம்பு விலகலால் படம் முழுவதும் மென்மையாகிவிடும். எனவே கண்ணில் ஃபோகஸை வைத்து, கேமராவை மயிரிழை முன்னும் பின்னும் அசைத்துப் பல படங்கள் எடுப்பதுதான் பழகிய வழி. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று உங்கள் பக்கம் அவ்வளவாக வராது என்றாலும், இளங்காலையில் எடுத்துவிடுவது நல்லது. சிறு ஃபிளாஷ் ஒன்றின் முன்னால் வெள்ளைத் தாளை மறைப்பாகக் கட்டிக்கொண்டால் மீதி அசைவும் அடங்கும்.

பணம் இப்போது இல்லையென்றால், 50 மி.மீ. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே எக்ஸ்டென்ஷன் டியூப் என்ற வெற்றுக் குழாயைச் செருகிப் பாருங்கள். டியூபின் நீளத்தைக் குவியத் தூரத்தால் வகுத்தால், கூடுதலாகக் கிடைக்கும் உருப்பெருக்கம் தெரிந்துவிடும். 36 மி.மீ. டியூப், 50 மி.மீ. லென்ஸில் 0.72 கூட்டும்; அதையே உங்கள் ஜூமில் மாட்டி 300-இல் வைத்தால் 0.12 மட்டுமே கூட்டும். 50 மி.மீ. லென்ஸில் பூச்சி முகப்பை முட்டுமளவுக்கு நெருங்க வேண்டிவரும் என்பதால், காவல் தேனீயிடம் மட்டும் இந்தச் சிக்கனத்தைக் காட்டாதீர்கள்.

கேள்வி: தக்கலையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன் நான். சென்ற இதழில் படமொன்றின் கீழ் ஆங்கிலத்தில் லென்ஸ் என்று எழுதுகையில் எல், ஈ, என், எஸ் என்பதோடு நிறுத்தாமல் இறுதியில் ஓர் ஈ சேர்த்திருந்தீர்கள். பக்கத்திலேயே 'ஃபோகஸ்ட்' என்ற சொல்லில் இரண்டு எஸ் இருந்தன. பொருளைப் பற்றி எழுதுபவர் அதன் பெயரையாவது பிழையின்றி எழுத வேண்டாமா?

பதில்: ஐயா, முதலாவதில் நான் குற்றவாளி; படக்குறிப்பை எழுதியது நானே. அந்தப் படத்தில் இருந்ததும் ஓர் ஈதான் என்பதால், இலையில் உட்கார்ந்திருந்தது பறந்து வந்து சொல்லின் வாலில் உட்கார்ந்துவிட்டது என்று சாக்குச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். உண்மைக் காரணம் வேறு. பன்மையில் 'லென்ஸஸ்' என்று எழுதும்போது எஸ்ஸுக்குப் பின் ஈ வருகிறது. பன்மைக்குரிய கடைசி எஸ்ஸை மட்டும் உதிர்த்துவிட்டு மிச்சத்தை ஒருமை என்று கொள்ளும் கைப்பழக்கத்தால் இந்தப் பிழை நேர்கிறது. அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இந்த வடிவத்தையும் குறைவாக வழங்கும் மாற்று வடிவமாகப் பதிவு செய்திருக்கிறது. ஆனாலும் அதன் பின்னால் நான் ஒளிந்துகொள்ளப் போவதில்லை. ஏனென்றால் அச்சொல் லத்தீனில் ஒரு பருப்பின் பெயர். தோலுரிக்காத முழு மைசூர்ப் பருப்பை விரலிடையில் பிடித்துப் பாருங்கள்: இருபுறமும் புடைத்து விளிம்பில் மெலிந்த குவிலென்சு அது. தாவரவியலில் அதன் பேரினப் பெயர் இன்றும் லென்ஸ் என்பதுதான். நம் ஊர் விருந்தில் இலையில் முதலில் விழும் பருப்பு சிறுபயறு என்பதால், இந்தப் பொருத்தம் நமக்கு எளிதில் கண்ணில் படுவதில்லை.

இரண்டாவது குற்றச்சாட்டை ஏற்க மாட்டேன். ஒற்றை எஸ் பெருவழக்கு என்பது உண்மை. இரட்டை எஸ்ஸையும் ஆங்கில அகராதிகள் ஏற்கின்றன. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்து எழுதினால்தான் தவறு. எழுத்து சேர்ப்பது சில நேரம் உதவியாகவும் அமையும்: பின்னணி மங்கலைக் குறிக்கும் 'போக்கே' என்ற ஜப்பானியச் சொல்லை ஆங்கிலேயர் வாய்க்கு வந்தபடி ஒலித்துவிடுவார்கள் என்று, 1997-இல் மைக் ஜான்ஸ்டன் என்ற அமெரிக்க இதழாசிரியர் அதன் இறுதியில் ஒரு எச் சேர்த்து அச்சிட்டார், அதுவே இன்று உலக வழக்கு. தக்கலையை ஆங்கிலத்தில் எழுதும்போது தகரத்துக்குப் பின் ஒரு யூவும், ககரத்துக்கு சி, கே இரண்டும் போடுகிறோமே, அதற்கும் எவரேனும் ஒரு காரணம் வைத்திருப்பார்கள்.

கேள்வி: என்னுடையது நிக்கான், நண்பருடையது கேனான். என் லென்ஸில் 'மைக்ரோ' என்றும் அவருடையதில் 'மேக்ரோ' என்றும் இருக்கிறது. என்னுடையது எழுத்துப்பிழையா? எஃப் 2.8 லென்ஸ் நெருங்கிப் போகும்போது என் கேமரா எஃப் 4.8 என்று காட்டுகிறது, அவருடையது 2.8 என்றே காட்டுகிறது. நான் ஏமாந்துவிட்டேனா? — குழித்துறை வாசகர்

பதில்: பிழையில்லை. உருவைச் சென்சாரிலோ ஃபிலிமிலோ உள்ளபடிக்கு மேல் பெரிதாக்கினால்தான் மேக்ரோ என்பது பழைய இலக்கணம். அதை மதித்து, 1956-இல் ஆவணங்களை மைக்ரோஃபிலிமில் பதிவு செய்யும் தேவைக்காகப் பிறந்த தம் லென்ஸுக்கு நிக்கான் நிறுவனத்தார் மைக்ரோ-நிக்கோர் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இரண்டாவதில் ஏமாற்றம் யாருக்கும் இல்லை. 1:1-ஐ நெருங்கும்போது எந்த லென்ஸும் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை இழக்கிறது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). உங்கள் கேமரா அதைக் கணக்கிட்டுக் காட்டுகிறது, நண்பருடையது மௌனமாக இழக்கிறது.

கேள்வி: பழைய 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. விளம்பரத்தில் லென்ஸ் என்பதையே அந்த ஈயோடு எழுதியிருக்கிறார். பெயரே எழுதத் தெரியாதவரை நம்பி வாங்கலாமா? — குலசேகரம் வாசகி

பதில்: தக்கலை ஆசிரியரைக் கேட்டால் கூடாது என்பார். நான் போய்ப் பாருங்கள் என்பேன். சரியான எழுத்தைத் தட்டித் தேடுபவர்கள் பலருக்கு அந்த விளம்பரம் தென்பட்டிருக்காது, ஆகவே பேரம் பேச உங்களுக்கு நேரம் கிடைக்கும். போகும்போது சிறு டார்ச் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு பருவமழையும் நனைக்கும் நம் மாவட்டத்தில், அலமாரியில் கிடந்த லென்ஸுக்குள் பூஞ்சை படர்வது சாதாரணம். இருபுற மூடிகளையும் கழற்றி, பின்புறமிருந்து சாய்வாக ஒளியைப் பாய்ச்சினால், சிலந்தி நூல்போல் கிளைத்த வெண்கோடுகளாக அது தெரியும். தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். அபர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோகஸ் வளையத்தை முடிவிலியிலிருந்து 1:1 வரை முழுவதும் திருப்பி, வழியில் எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வாங்கி வந்ததும் அதோடு வரும் தோல் உறையைத் தூக்கி எறிந்துவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறியதும் வறுத்து மீண்டும் போட்டுக்கொள்ளலாம்.